‘செவன் இன் ஒன்’ டிவட் டூல்: ஏழில் எத்தனை தேறும்?

கோல்ஃப் கடைகளிலும் இணையத்திலும் ஒரு மடிப்புக் கருவி பல பெயர்களில் விற்கிறது. மூடினால் தீப்பெட்டியைவிடச் சற்று நீளம். திறந்தால் ஒரு முனையில் இரட்டைப் பல் முள், மறுமுனையில் சிறு பிரஷ், நடுவில் காந்தத்தில் ஒட்டிய பால் மார்க்கர் (பந்தின் இடத்தைக் குறிக்கும் வில்லை), ஓரத்தில் குரூவ் (கிளப் முகத்தில் வெட்டிய கோடு) சுரண்டும் கொக்கி, கிளப்பின் பிடியைச் சாய்த்து வைக்க ஒரு வளைவு, பாட்டில் மூடி திறக்க ஒரு வாய், அடிகளை எண்ண ஒரு சக்கரம். கடைக்குக் கடை இவற்றில் ஒன்றிரண்டு மாறும். அட்டையில் மட்டும் ‘செவன் இன் ஒன்’ மாறாது. விலை சில நூறு ரூபாய். துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே குரோம் பூசியிருப்பார்கள்.

இந்த விமர்சனம் அந்த வகை முழுவதற்கும். பட்டனைத் தள்ளினால் முள் வெளியே வரும் அலுமினிய வகை, மடிப்புக் கத்தி வகை, ஒரே தகட்டில் வெட்டிய சாதா எஃகு முள் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘டிவட்’ என்பது ஃபேர்வேயில் (குழிக்குப் போகும் வழியிலுள்ள புல்வெளி) அயர்ன் கிளப் வெட்டிப் பெயர்த்தெடுக்கும் புல் துண்டு. அந்தக் குழிக்கு மருந்து மணல்; முள் அல்ல. கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பந்து வந்து விழுந்து உண்டாக்கும் பள்ளத்துக்குப் பெயர் பிட்ச் மார்க். இந்தக் கருவி சரிசெய்வது அதைத்தான். எல்லோரும் டிவட் டூல் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இங்கும் அப்படியே.

கிரீனுக்கு வந்து சேர்ந்த ஆட்டக்காரர் சட்டைப் பையிலிருந்தோ கால்சட்டைப் பையிலிருந்தோ எடுக்க வேண்டிய பொருள் இரண்டுதான்: பந்தின் இடத்தைக் குறிக்க மார்க்கர், பள்ளத்தைச் சரிசெய்ய முள். 18 குழிகளிலும் இந்த இரண்டும் வேண்டும். மற்ற ஐந்தும் சில குழிகளில் ஒருமுறை, அல்லது சில மாதங்களில் ஒருமுறை. ஆகவே பார்க்க வேண்டியது எத்தனை வேலை செய்கிறது என்பதை அல்ல. அந்த ஐந்தும் சேர்ந்து இந்த இரண்டையும் எவ்வளவு கெடுக்கின்றன என்பதை. தன் முறை வந்தபின் 40 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும் என்று விதி 5.6 பரிந்துரைக்கிறது. கையுறை போட்ட கையில், வியர்வையோடு, நகத்தால் மடிப்பைப் பிரித்து, பிரஷ்ஷைத் தள்ளிவிட்டு முள்ளைத் தேடுகிறவருக்கு 40 விநாடி கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

முள்ளும் அருகம்புல்லும்

நம் ஊர் வெயிலில் கிரீன்களில் வளர்வது பெரும்பாலும் கலப்பின பெர்முடா புல். பெயர் அந்நியமாக இருந்தாலும் இனம் தெரிந்ததுதான்: பெர்முடா புல் என்பது அருகம்புல். மண்ணுக்கு மேலே ஓடும் தண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு இரண்டாலும் அது பின்னிப் படர்கிறது. வெயில் காலத்தில் தரை இறுகிவிட்டால் பந்து ஆழமாகப் பதியாது. பள்ளம் சிறியது, விளிம்பு கடினம். குளிர் நாடுகளின் பென்ட்கிராஸ் கிரீன்கள் மெத்தென்று இருக்கும். பள்ளம் ஆழமாக விழும். முள் தேர்வில் இது முக்கியம். மெல்லிய பிளாஸ்டிக் முள் அங்கே தாக்குப்பிடிக்கும். இங்கே சித்திரை வெயிலில் இறுகிய கிரீனில் நுழையவே மறுக்கும், வளைந்து நழுவும்.

சரியான முறை இதுதான். பள்ளத்துக்குள் குத்தக் கூடாது. விளிம்புக்குச் சற்று வெளியே, நல்ல புல் இருக்கும் இடத்தில், ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் முள்ளை இறக்க வேண்டும். 15 முதல் 20 மி.மீ. போதும். பிறகு கருவியின் மேல்பகுதியைப் பள்ளத்தின் நடுவை நோக்கித் தள்ள வேண்டும். வெளியே இருக்கும் புல் உள்நோக்கி நகரும். கடிகாரத்தில் 12, 3, 6, 9 என்று நான்கு திசையிலும் இதையே செய்து, கொழுக்கட்டை விளிம்பை நடுவுக்குக் கூட்டிப் பிடிப்பதுபோலக் கூட்டிவிட்டு, பட்டர் கிளப்பின் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) அடிப்பாகத்தால் மெதுவாக இரண்டு தட்டு. மேடு தெரியக் கூடாது.

தோசையைக் கரண்டியால் நெம்புவதுபோல அடியில் குத்தி மேலே தூக்குகிறவர்கள்தான் அதிகம். பார்க்கச் சமமாக வந்துவிடும். ஆனால் வேர் அறுந்திருக்கும். ஓரிரு நாளில் அந்த இடம் பழுப்பாகிக் காயும், அடுத்து வருகிறவர் பந்து அதில் தட்டி விலகும். கூட்டிச் சரிசெய்த பள்ளம் சில நாளில் மூடிவிடும். நெம்பியது ஆற வாரக்கணக்காகும்.

இங்கேதான் செவன் இன் ஒன்னின் முதல் குறை. அதன் முள் பெரும்பாலும் 35 மி.மீ.க்கு மேல் நீளம், சற்றே வளைந்தது. நீளமும் வளைவும் சேர்ந்தால் கை தானாகவே நெம்பத்தான் போகும். வடிவமே தப்பான முறையைக் கற்றுக்கொடுக்கிறது. பள்ளத்தை மூட 25 முதல் 28 மி.மீ. நேரான முள் தாராளம். குட்டையான முள்ளால் நெம்ப முடியாது, தள்ளத்தான் முடியும். பழகாத கைக்கு அதுதான் நல்லது.

இரண்டாவது குறை, உடைவது. துத்தநாகக் கலவை வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழ்கள் தங்கும். எஃகு அழுத்தம் தாங்காவிட்டால் வளையும், நிமிர்த்திக்கொள்ளலாம். இந்த வார்ப்பு வளையாது, பட்டென்று முறியும். முறியும் இடமும் எப்போதும் ஒன்றுதான்: பல் இரண்டும் உடலோடு சேரும் கழுத்து. அந்த இடத்தில் உள்கோணம் கூர்மையாக இருந்தால் ஆயுள் இன்னும் குறைவு. வட்டமாகத் திரும்பியிருந்தால் அழுத்தம் பரவும். கழுத்தின் தடிமன் 2.5 மி.மீ.க்குக் கீழே இருந்தால் இறுகிய தரைக்கு அது ஆகாது.

மூன்றாவது, கீல். தரமாக அமைத்த கிரீனின் அடியில் ஏறக்குறைய 30 செ.மீ. ஆழத்துக்கு மணல் மிகுந்த கலவைதான் இருக்கும். ஒவ்வொரு குத்திலும் முள்ளோடு மணல் வரும். மடக்கும்போது அது கீலுக்குள் போகும். சில வாரத்தில் கீல் கரகரக்கும், பிறகு தளர்ந்துபோய் முள் பையிலேயே பாதி திறந்துகொள்ளும். எண்ணெய் விட்டால் சரியாகும் என்று விடுகிறார்கள். எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு அரைக்கத் தொடங்கும். தண்ணீரில் அலசி, உலர்த்தி, கிராஃபைட் தூள் தொட்டுவைப்பதே மேல்.

எடையைக் கணக்குப் போட்டால்

துத்தநாகக் கலவையின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 6.6 கிராம். அலுமினியம் 2.7. 70 மி.மீ. நீளம், 25 அகலம், 10 தடிமன் உள்ள கருவியின் பருமன் 17.5 கன செ.மீ. அதில் பாதி வெற்றிடம் என்று வைத்தாலும் துத்தநாகத்தில் 58 கிராம் வரும். அதே அளவு அலுமினியத்தில் 24 கிராம்தான். விதிப்படி ஒரு கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அதாவது பந்தைவிடக் கனமான ஒன்றை நான்கு மணி நேரம் தொடையில் கட்டிக்கொண்டு நடக்கிறோம்.

கனத்தைவிடத் தடிமன் கொடுமை. பந்துக்குக் குனிந்து நிற்கும்போது கால்சட்டையின் முன்பை சரியாக இடுப்பு மடியும் இடத்தில் வந்து நிற்கும். 10 மி.மீ. தடிமன் அங்கே உறுத்தும். 5 மி.மீ.க்குள் இருந்தால் தெரியவே தெரியாது. ஓரங்கள் மழுங்கியிருக்க வேண்டும். இப்போது எல்லோரும் போடும் மெல்லிய பாலியஸ்டர் கால்சட்டையில் முள் நுனி ஒருமுறை பையைக் கிழித்துவிட்டால் மார்க்கர், டீ (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சி) எல்லாம் கணுக்கால் வழியே புறப்பட்டுவிடும். டீக்களை இந்தக் கருவியோடு ஒரே பையில் போடவும் கூடாது. டீயின் நுனி மடிப்பு இடுக்கில் நுழைந்து முள்ளைத் திறந்துவிடும். இடப்பையில் கருவி, வலப்பையில் டீ என்று பிரித்து வைப்பது நல்ல பழக்கம்.

மார்க்கர்

செவன் இன் ஒன்னில் உருப்படியான பாகம் இதுதான். ஆனால் இங்கும் விவரம் பார்க்க வேண்டும்.

காந்தம் எதில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. கருவியின் உடலில் காந்தமும் மார்க்கர் வெறும் இரும்புத் தகடாகவும் இருந்தால் நல்லது. மார்க்கரே காந்தமாக இருந்தால் மணலில் உள்ள இரும்புத்துகள் அதில் மீசைபோல ஒட்டும், துடைத்தாலும் போகாது. உடலில் காந்தம் இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. 2011 வரிசையில் வந்த நம் 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்கள் காந்தம் பிடிக்கும் ஃபெரிட்டிக் துருவேறா எஃகு. 1 ரூபாய் 21.93 மி.மீ. விட்டம், 2 ரூபாய் 25 மி.மீ. மார்க்கர் தொலைந்தால் (தொலையும்) 2 ரூபாய் நாணயம் 25 மி.மீ. குழியில் சிக்கென்று உட்கார்ந்துகொள்ளும். விதிகளும் நாணயத்தை மார்க்கராக ஏற்கின்றன. 24 மி.மீ. குழி வைத்த கருவிகளில் 2 ரூபாய் நுழையாது. 1 ரூபாயைத்தான் போட வேண்டும், அது கொஞ்சம் ஆடும். ஆடினாலும் விழாது.

காந்தத்தின் பலம் இரண்டாவது கேள்வி. பலம் குறைந்தால் நடையில் மார்க்கர் கழன்றுவிடும். கூடினால் நகம் ஒடியும். நல்ல வடிவமைப்பு பலத்தைக் குறைக்காமல் எடுக்கும் வழியைச் சுலபமாக்கும்: குழியின் ஒரு ஓரத்தில் கட்டைவிரல் நுழைய ஒரு வெட்டு, அல்லது பின்னால் தள்ள ஒரு துளை, அல்லது மார்க்கர் உடலைவிட ஒரு மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல், நாலாபக்கமும் சுவர் எழுப்பிய குழியில் மார்க்கரை அமுக்கி வைத்திருக்கும் கருவியைக் கடையிலேயே திருப்பி வைத்துவிடலாம். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கருவியை விட்டுப் போகிறவர்கள் கவனிக்க: சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும். பெரும்பாலும் அதற்கும் முன்னால் அதை ஒட்டிய மலிவான பசை கைவிட்டுவிடும். மார்க்கரை எடுத்தால் காந்தமும் சேர்ந்து வருவது அதனால்தான். இரண்டு சொட்டு எபாக்சி போதும். சூப்பர் குளூ மறுபடியும் விட்டுவிடும்.

காந்தக் கருவியை ஹோட்டல் அறைச் சாவி அட்டையோடு ஒரே பையில் போடாதீர்கள். அட்டையில் காந்தப் பட்டை இருந்தால் அது எளிதில் அழியக்கூடியது.

மார்க்கர் தட்டையாக இருப்பது மற்றவர்களுக்கும் நல்லது. சூதாட்டச் சில்லுபோலப் பெரிய, தடித்த மார்க்கர்கள் பார்க்க அழகு, ஆனால் எதிராளியின் பந்து ஓடும் பாதையில் கிடந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கிளப் தலை அகலம் தள்ளி வைத்து, மறுபடி மறக்காமல் திருப்பி வைக்க வேண்டிவரும். கறுப்பு நிற மார்க்கரும் வேண்டாம்; புல்லில் தெரியாமல், எடுக்க மறந்து அடித்துவிட்டால் ஒரு அடி தண்டனை. வெள்ளையோ சிவப்போ நல்லது.

பிரஷ், கொக்கி, மற்றவை

குரூவ் கொக்கியைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் இது அளவுப் பிரச்சினை. விதிப்படி அயர்ன் முகத்தின் குரூவ் 0.9 மி.மீ. அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஆழம் அரை மி.மீ. இந்த வகைக் கருவிகளின் கொக்கி நுனியை அளந்தால் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மி.மீ. நுழையவே நுழையாது, குரூவின் இரு ஓரத்தையும் உரசிக்கொண்டு மேலேயே போகும். மண் உள்ளே அப்படியே இருக்கும். கூரான எஃகுக் கொக்கி என்றால் வேறு ஆபத்து: மென்மையான எஃகில் செய்த வெட்ஜ் (குறுந்தூர அடிக்கான கிளப்) முகத்தில் ஓரங்களைச் சுரண்டிக் கூராக்கிவிடும். 2010 முதல் குரூவ் ஓரங்களின் கூர்மைக்கும் விதி உண்டு என்பதை நினைவில் வைக்கவும். மண் எடுக்க மர டீயின் நுனியே போதும். அது 0.9 மி.மீ.க்குள் நுழையும், எஃகைக் கீறாது, தேய்ந்தால் தூக்கிப்போடலாம்.

பிரஷ்ஷில் நைலான் முடி எந்த முகத்துக்கும் சரி. பித்தளைக் கம்பி அயர்னுக்கு மட்டும். டிரைவர் கிளப்பின் பூச்சுக்கும் பட்டரின் முகப்பில் பதித்த மென்மையான துண்டுக்கும் ஆகாது. ஆனால் இரண்டுமே கால்சட்டைப் பைக்குள் இருக்க வேண்டிய பொருளே அல்ல. ஈர மண் பிடித்த பிரஷ்ஷை மடக்கி உள்ளே வைத்தால் அந்த ஈரம் காந்தத்தின் நிக்கல் பூச்சைத் தின்னும், கால்சட்டையில் கறை படியும். பிரஷ்ஷுக்கு இடம் கோல்ஃப் பையின் வெளிப்புறம், இழுத்தால் நீளும் கயிற்றில். அப்படி விற்கும் பிரஷ்கள் தனியாகவே கிடைக்கின்றன.

கிளப் தாங்கி எனக்கொரு வியப்பு. வேண்டாத அம்சம் என்று தோன்றும், ஆனால் காலைப் பனியில் நனைந்த புல்மேல் பிடியை வைக்காமல் காப்பாற்றும். நிபந்தனை ஒன்று உண்டு: வளைவின் ஆரம் 12 மி.மீ. ஆவது இருக்க வேண்டும். பிடியின் மேல்பகுதி 23 மி.மீ. விட்டத்துக்கு மேல், பருத்த பட்டர் பிடிகள் இன்னும் பெரியவை. செவன் இன் ஒன்னின் பள்ளம் பென்சில் நிற்கும் அளவுதான். கருவியைக் குத்தி நிறுத்த வேண்டிய இடமும் கிரீனுக்கு வெளியே. கிரீனில் குத்தினால் ஒரு பள்ளத்தைச் சரிசெய்ய வந்து இரண்டு துளை போட்டதாகிவிடும். பட் அடிக்கும் பாதையில் திசை காட்டும்படி எதையாவது வைத்துவிட்டு அடித்தால் அது விதி 10.2ஐ மீறுவதும் ஆகும்.

பாட்டில் திறப்பான்: கிளப் ஹவுஸில் இருக்கிறது. அடி எண்ணும் சக்கரம்: பையில் சாவியோடு உரசி இரண்டு எண் தானாக ஏறும், சந்தேகம்தான் மிச்சம். பந்தில் கோடு போடும் அச்சு சில வகைகளில் உண்டு. கோடு போடுவது விதிப்படி சரிதான், ஆனால் அதை முந்தைய இரவு வீட்டு மேசையில் செய்யலாம். 42.67 மி.மீ. பந்தை அரைக்கோளமாகக் கவ்வும் அச்சைப் பையில் சுமப்பதில் அர்த்தமில்லை.

ஸ்பைக் திருகியும் சில கருவிகளில் வருகிறது. காலணியின் பிளாஸ்டிக் முளை மண்ணும் உப்பும் சேர்ந்து இறுகியிருக்கும். அதைத் திருப்ப நல்ல நெம்புகை நீளம் வேண்டும். 70 மி.மீ. கருவியில் கை வழுக்கும், கருவியின் ஊசிகள் வளையும்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். நீர்மட்டக் குமிழி பதித்த மார்க்கரை ‘எட்டாவது வேலை’ என்று சேர்த்து விற்கிறார்கள். கிரீனின் சரிவை அளக்க அதைச் சுற்றின் நடுவே பயன்படுத்துவது விதி 4.3ஐ மீறுவது. முதல் மீறலுக்குப் பொதுத் தண்டனை: ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) 2 அடி, மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி வெற்றி பார்க்கும் ஆட்டம்) அந்தக் குழி போயிற்று. இரண்டாவது மீறலுக்குத் தகுதி நீக்கம். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், போட்டி நாளில் வீட்டில் விட்டுவிடுங்கள். 2019 முதல் கிரீனில் பிட்ச் மார்க்கோடு ஸ்பைக் தடங்களையும் சரிசெய்யலாம் என்று விதி மாறியதால் முள்ளின் வேலை கூடியிருக்கிறது. அந்த நேரத்தில் குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பானேன்?

மற்ற மூன்று வகைகள்

பட்டன் வகை அலுமினியக் கருவிகள் விலை கூடியவை, ஆனால் ஒரு கையால் திறக்கலாம். பிட்ச்ஃபிக்ஸ் ஹைப்ரிட் போன்றவை இந்த இனம். அதன் பின்முனையில் ஸ்கோர் அட்டைப் பென்சிலுக்கு ஒரு ஷார்ப்னர் இருக்கிறது. கூடுதல் தடிமன் இல்லாமல், வேறு எதற்கும் இடையூறில்லாமல், மைதானத்தில் உண்மையிலேயே மொக்கையாகும் ஒரு பொருளுக்காகச் செய்த அம்சம் அது. செவன் இன் ஒன்னைச் செய்கிறவர்கள் இதைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம். இந்த வகையின் பலவீனம் உள்ளே இருக்கும் ஸ்பிரிங். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் மணலும் சேர்ந்தால் முள் பாதி வந்து நிற்கும். வாங்கும்போது முள்ளை வெளியே தள்ளிவிட்டு, நுனியை மேசையில் அழுத்திப் பாருங்கள். உள்ளே நழுவினால் பூட்டு சரியில்லை. இறுகிய கிரீனில் அது பயன்படாது.

மடிப்புக் கத்தி வகையில் முள், மார்க்கரோடு கத்தி, கத்தரிக்கோல், டீ துளைப்பான் எல்லாம் வரும். டீ துளைப்பான் நம் ஊரில் பயனுள்ளது. கோடையில் டீ பாக்ஸ் (முதல் அடி அடிக்கும் இடம்) இறுகினால் மர டீ பாதியில் ஒடியும்; முதலில் ஒரு துளை போட்டுவிட்டால் ஒடியாது. உருவாக்கமும் உறுதி. ஆனால் தடிமன் அதிகம், நகத்தால்தான் திறக்க வேண்டும். கத்தி இருப்பதால் விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். செக் இன் பெட்டியில் போட மறந்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே பறிகொடுக்க வேண்டியதுதான்.

ஒரே தகட்டு எஃகு முள்ளுக்குக் கீல் இல்லை, ஸ்பிரிங் இல்லை, பிரஷ் இல்லை. இரண்டு வேலை. அதனாலேயே அது முதலிடம். குறை ஒன்றுதான்: முள் எப்போதும் வெளியே. நுனி வட்டமாக இருந்தால் பை கிழியாது. இல்லாவிட்டால் அரத்தால் ஒரு நிமிடம் தேய்த்துக்கொள்ளலாம்.

கேடி (கோல்ஃப் பையைச் சுமக்கும் உதவியாளர்) கூட வரும் மைதானங்களில் இந்தப் பேச்சே வேடிக்கையாகத் தோன்றலாம். அனுபவப்பட்ட கேடி காதில் செருகிய ஒரு மர டீயால் பள்ளத்தை நான்கு பக்கமும் கூட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஒற்றை முனைதான், ஆனால் முறை சரி. தவறான முறையில் பிடித்த விலையுயர்ந்த முள்ளைவிட அது மேல்.

நீங்களே செய்தால்

லேசர் வெட்டும் பட்டறை எந்தத் தொழிற்பேட்டையிலும் உண்டு. 2 மி.மீ. தடிமன் 304 தர எஃகுத் தகடு, 75 மி.மீ. நீளம், 22 அகலம். ஒரு முனையில் 28 மி.மீ. ஆழத்துக்கு, 10 மி.மீ. அகலத்தில் வெட்டு, அடிப்பாகம் அரைவட்டமாகத் திரும்பட்டும். மிஞ்சுவது அடியில் 6 மி.மீ. அகலமுள்ள இரண்டு பல். நுனியில் 2 மி.மீ.க்குக் குறுகி வட்டமாக முடியட்டும். எடை சுமார் 20 கிராம், அரைப் பந்துக்கும் குறைவு.

304 எஃகில் காந்தம் ஒட்டாது என்பதை மறந்துவிட்டு வரைபடம் போடுகிறவர்கள் உண்டு. மறுமுனையில் 10.1 மி.மீ. துளை வெட்டச் சொல்லி, 10 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் நியோடிமியம் வட்டை எபாக்சியால் பதிக்க வேண்டும். இரு பக்கமும் தகட்டோடு சமமாக நிற்கும். மேலே 2 ரூபாய் நாணயத்தை வைத்தால் 22 மி.மீ. அகலத்துக்கு இருபுறமும் ஒன்றரை மி.மீ. வெளியே நீட்டும், கட்டைவிரலால் தட்டினால் எழும்பிவரும். 430 தரத் தகட்டில் வெட்டினால் காந்தம் எங்கும் ஒட்டும், மார்க்கரைக் காந்தமாக வைத்துக்கொள்ளலாம்; ஆனால் 430 உப்புக்காற்றில் சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். லேசர் வெட்டிய அடிப்பக்க ஓரத்தில் உருகிய உலோகம் முள்முள்ளாக நிற்கும். அரம், பிறகு 220, பிறகு 400 எமரித் தாள். இந்தத் தேய்ப்பை விட்டுவிடாதீர்கள், விட்டால் ஓரம் கையைக் கிழிக்கும்.

3டி அச்சில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 பாகையிலேயே இளகும், வெயிலில் நின்ற காரில் முள் வளைந்துபோகும். பிஇடிஜி (PETG) அல்லது நைலான் எடுங்கள். கருவியைப் படுக்கவைத்து அச்சிட வேண்டும். நிறுத்திவைத்து அச்சிட்டால் அடுக்குகள் பல்லுக்குக் குறுக்கே அமையும். முதல் குத்திலேயே ஒரு பல் கிரீனில் நின்றுவிடும்.

கடையில் செவன் இன் ஒன்னையே வாங்க முடிவு செய்திருந்தால், காசு கொடுக்குமுன் கையை நனைத்துக்கொண்டு ஒரு கையால் முள்ளைத் திறந்து பாருங்கள். கருவியைத் தலைகீழாகப் பிடித்து மணிக்கட்டால் பத்துமுறை உதறுங்கள். மார்க்கர் விழக் கூடாது. குரூவ் கொக்கியின் நுனியை உங்கள் வெட்ஜில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, ஸ்கோர் அட்டையின் ஓரத்தோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்: அட்டையை மூன்றாக மடித்த தடிமனைவிடப் பருத்திருந்தால் அது பாட்டில் திறப்பானுக்குத் துணையாக இருக்கும், அவ்வளவுதான். சட்டைப் பையில் ஒரு 2 ரூபாய் நாணயத்தையும் எடுத்துப் போயிருந்தால் மார்க்கர் குழியில் வைத்து அளவு பார்த்துவிடலாம்.